கழல மறுக்கும் பல்சக்கரம்

மிதிப்பதை நிறுத்தினாலும் பெடல் சுற்றிக்கொண்டே இருக்கும் சைக்கிள் ஒன்று உண்டு. ஒலிம்பிக்ஸ் டிராக் ரேஸில் ஓட்டுவது அதைத்தான். பெயர் ஃபிக்ஸ்டு கியர். தஞ்சாவூர்க் கடைகளில் அதைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஆனால் ஐப்பசி மழையில் வாய்க்கால் கரைச் சேற்றிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் சாதா சைக்கிளே ஒருநாள் ஃபிக்ஸ்டு கியர் ஆகிவிடும் :-)

காரணம், பின்சக்கரத்து ஃப்ரீவீல். உள்ளே பொடிப்பொடி பால்ஸும், ஸ்பிரிங் வைத்த நாக்குகளும் இருக்கும். மிதிக்காமல் உருட்டும்போது வரும் 'டிக் டிக்' சத்தம் அந்த நாக்குகளுடையதுதான். சேறும் துருவும் ஏறி பால்ஸ் இறுகினால் சக்கரத்தோடு பெடலும் சுற்றும். நாக்கு உள்ளேயே ஒட்டிக்கொண்டால் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகராது.

டெல்டா கிராமங்களில் இது சின்ன விஷயம் இல்லை. 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய அரசின் இலவச சைக்கிள் திட்டம், பிறகு எல்லா மாணவர்களுக்கும் விரிந்தது. ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டிய ஊரில், பரீட்சைக்குப் போகும் பெண்ணுக்கு அந்த சைக்கிள்தான் எல்லாம்.

சரி, புது ஃப்ரீவீல் மாட்டலாம் என்றால் பழையது கழலாது! காரணம் ரொம்ப சிம்பிள். அதன் மரை வலப்பக்கம் முறுகும். மிதிக்க மிதிக்க அது இன்னும் இறுகும். அதாவது அந்தப் பெண் பள்ளிக்கூடம் போன ஒவ்வொரு நாளும் அதை முறுக்கிக்கொண்டேதான் போயிருக்கிறாள். மேலே துரு வேறு.

இங்கே பலத்தைக் காட்டினால் ஆபத்து. ஹப்பின் மரை போய்விட்டால் ஹப்பையே மாற்றி, பின்சக்கரத்துக் கம்பிகள் அத்தனையையும் அவிழ்த்துத் திரும்பக் கோர்க்க வேண்டும். நம்மூர்ப் பெரிய சைக்கிள் என்றால் 40 கம்பி! ஃப்ரீவீல் காசோடு போக வேண்டிய செலவு எங்கேயோ போய்விடும்.

விஷயம் தெரிந்த கடைக்காரர் அவசரப்பட மாட்டார். "மண்ணெண்ணெய் ஊறட்டும்மா, காலைல வா" என்பார். மறுநாள் மூடியின் பள்ளத்தில் பஞ்சை வைத்து வலப்பக்கமாகத் தட்டுவார். ஆமாம், வலப்பக்கம்தான். மூடிக்கு மட்டும் இடமரை. தெரியாமல் இடப்பக்கம் தட்டினால் இன்னும் இறுகும். மூடி வந்ததும் பால்ஸ் கொட்டும், பல் வளையம் தனியாக வரும். மிச்சம் இருக்கும் உள்கட்டையை வைஸில் கடிக்க வைத்து, சக்கரத்தை மேலே படுக்க வைத்து, ரிம்மை இரண்டு கையாலும் பிடித்து, பஸ் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடிப்பதுபோல ஒரு திருப்பு. 'டக்'கென்று விடும். ரிம்தான் அங்கே நெம்புகோல்.

ரேஸ் சைக்கிளிலும் கதை இதேதான். பல்சக்கரத்தைப் பூட்டும் வளையத்துக்கு இடமரை. அதை முதலில் வலப்பக்கம் திருப்பி எடுத்துவிட்டு, பல்லில் செயின் துண்டு சுற்றிய கம்பியை மாட்டி இடப்பக்கம் இழுக்க வேண்டும்.

புதியதை மாட்டுமுன் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். அடுத்த தடவை கழற்றும்போது அதன் அருமை தெரியும்.