கடமற்றத்துக் கல்லெழுத்து

நாம் எர்ணாகுளத்துக்கு மாற்றலாகி வந்து ஒன்பது ஆண்டுகள் நிறைந்துவிட்டன. ரயில்வே பார்சல் ஆபீசில் எழுத்தர் வேலை. மூட்டைகளின்மேல் ஒட்டிய சீட்டுகளில் மழுங்கியும் நனைந்தும் கிடக்கும் ஊர்ப்பெயர்களைப் படித்துச் சொல்வதே நம் பிழைப்பில் பாதி. ஆகையால் எழுத்து எதுவாயினும் நின்று உற்றுநோக்கும் வழக்கம் நமக்கு உண்டு. அவ்வழக்கமே சென்ற ஓணம் விடுமுறையில் நம்மை வசமாக மாட்டிவைத்தது.

கோலஞ்சேரியைக் கடந்து மூவாற்றுப்புழைக்குச் செல்லும் சாலையில் கடமற்றம் என்றொரு சிற்றூர் உள்ளது. அங்குள்ள புனித ஜார்ஜ் தேவாலயத்தைக் காணவேண்டுமென்று நம் இல்லாள் நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மந்திரவித்தையில் வல்லவர் என்று மலையாள நாட்டார் கதைகதையாகச் சொல்லும் கடமற்றத்துக் கத்தனார் அக்கோயிலைச் சேர்ந்தவர். அவளுக்குக் கத்தனார்மேல் ஆசை; நமக்கோ அங்குள்ள கற்சிலுவையின்மேல் ஆசை.

உட்சுவரில் பதித்த ஒரு கற்பலகை அது. நடுவே புடைப்பாகச் செதுக்கிய சிலுவை; அதன் கைகளின் முனைகள் மொட்டு விரிவதுபோல் இருக்கின்றன. ஏசுநாதரின் திருவுருவம் அதில் இல்லை. சிலுவையைச் சூழ்ந்து விளிம்போரமாக ஓர் எழுத்துவரிசை ஓடுகிறது. கோட்டயம் வலியபள்ளியிலும், முட்டுச்சிறையிலும், சென்னையை அடுத்த பரங்கிமலையிலும் இதன் உடன்பிறப்புகள் உண்டு. ஆறாம் நூற்றாண்டுக்கும் ஒன்பதாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்பது அறிஞர் கணிப்பு.

"அப்பா, இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்றான் நம் மகன். பத்து வயது. வழியெல்லாம் மலையாளப் பலகைகளைத் தடையின்றிப் படித்துக்கொண்டு வந்தவன்.

கோயில் பணியாளரான முதியவரை வினவினோம். "பாரசீக எழுத்து, சாரே. எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது. என் அப்பனுக்கும் தெரியாது" என்று சிரித்தார்.

வெளியே வந்து மர நிழலில் அமர்ந்து, நாம் எர்ணாகுளம் பொது நூலகத்தில் படித்திருந்ததைப் பையனுக்குச் சொன்னோம். பரங்கிமலைச் சிலுவை 1547-இல் போர்த்துகீசியர் அஸ்திவாரம் தோண்டியபோது அகப்பட்டது. அதன் எழுத்து அவர்களுக்கு விளங்கவில்லை. கற்றறிந்த அந்தணர் ஒருவரை அழைத்துக் காட்டினர். அவரோ தெரியாதென்று சொல்லாமல், தோமையாரின் வரலாற்றையே அவ்வெழுத்திலிருந்து நீளமாக வாசித்துவிட்டார்! கேட்டவர்களும் நம்பினார்கள். முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், 1873-இல், பர்னல் என்ற ஆங்கிலேயர் (தஞ்சை அரண்மனைச் சுவடிகளுக்குப் பட்டியல் தொகுத்தாரே, அவரேதான்) இது பாரசீகரின் பழைய பஹ்லவி எழுத்து என்று விளக்கி ஒரு நூல் வெளியிட்டார்.

பஹ்லவியில் ஒரே வடிவம் இரண்டு மூன்று ஒலிகளுக்கு நிற்கும். நம் பார்சல் சீட்டுகளே மேல். ஆதலின் அதன் பின்னும் வழக்கு ஓயவில்லை. கல்லை வெட்டிய சிரியாக்காரர் ஒருவர் தமக்கு இரங்குமாறு கிறிஸ்துவை வேண்டுவதாக இச்சிலுவைகளின் எழுத்தை விங்க்வர்த் என்பவர் படித்தார். அங்க்லேசாரியா என்ற பார்சி அறிஞரோ இந்தக் கடமற்றத்துக் கல்லில், நினிவேயிலிருந்து இந்நாட்டுக்கு வந்த அழகிய பறவை என்று ஒருவர் தம்மைச் சொல்லிக்கொள்வதாகப் படித்தார். நமக்குப் பறவையே பிடித்திருக்கிறது. ஊர் விட்டு ஊர் வந்து பிழைப்பவனுக்கு வேறெது பிடிக்கும்?

பையனுக்கோ பறவையைவிட அந்தணர் கதையே பிடித்துவிட்டது. "அந்தப் பெரியவர் பொய்தானே சொன்னார், அப்பா?" என்று கைகொட்டிச் சிரித்தான். இல்லாளும் சிரித்தாள். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். நம் தந்தையார் சென்ற ஆண்டு காலமானார். அவர் எழுதிய நீலநிற இன்லண்ட் கடிதங்கள் முப்பதுக்கு மேல் நம் தகரப்பெட்டியில் இருக்கின்றன. 'னை', 'லை' எழுத்துகளுக்குத் துதிக்கை போட்டெழுதும் பழைய கை. காரியங்கள் முடிந்து திரும்பிய சில நாட்களில், பையன் ஒரு கடிதத்தை எடுத்துவந்து, "தாத்தா என்ன எழுதியிருக்கிறார், படியுங்கள்" என்றான். இந்தத் தீபாவளிக்காவது பேரனை அழைத்து வா, கண் மங்கிக்கொண்டே வருகிறது, முகம் தெரியும்போதே அவனைப் பார்த்துவிட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அந்தத் தீபாவளிக்கு நாம் போகவில்லை. விடுப்புக் கிடைக்கவில்லை என்று ஊருக்கு எழுதினோம். உண்மையில் விடுப்பு கேட்கவே இல்லை. பண்டிகை நாளில் வேலை பார்த்தால் கிடைக்கும் கூடுதல் பணத்தை எண்ணி இருந்துவிட்டோம்.

பையனுக்கு நாம் வாசித்துக் காட்டியது வேறு. அனைவரும் நலம், நல்ல மழை, பேரனுக்கு ஆசீர்வாதம் என்று மூன்று வரி. அவன் அதை நம்பி, கடிதத்தை மடிப்புக் கலையாமல் மடித்துப் பெட்டியில் வைத்தான். அந்த அந்தணருக்காவது எழுத்து தெரியாது. நமக்கு நன்றாகவே தெரியும்.

கடமற்றத்திலிருந்து திரும்பிய இரவே பெட்டியைத் திறந்து அக்கடிதத்தை அவன்முன் விரித்தோம். நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் உயிரெழுத்தோடு நின்றுவிட்டவன் அவன். அவ்வாறு நின்றது நம் அசட்டையால்தான். இப்போது இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நாள்தோறும் கால்மணி நேரம், விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். துதிக்கை எழுத்துகளைக் கண்டால் அவனுக்கு ஒரே குதூகலம். ஒரு வரிக்கு ஒரு வாரமாகிறது.

நேற்று மூன்றாம் வரி முடிந்தது. 'தீபாவளி' என்ற சொல் ஐந்தாம் வரியில் இருக்கிறது.