பனிச் சமவெளியில் குளிர்குருதிப் பிராணிகள்

யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டுக்குச் சுற்றுலாச் செல்வோரிற் பலர் நுவரெலியாவோடு திரும்பிவிடுகின்றனர். அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரத்தில், பட்டிப்பொலவுக்கு அப்பால், கடல்மட்டத்துக்கு 2,100 மீற்றருக்கு மேல் விரிந்து கிடக்கும் ஹோர்ட்டன் சமவெளியையும் ஒருமுறை காணுதல் வேண்டும். 1831 முதல் 1837 வரை இலங்கையின் தேசாதிபதியாயிருந்த வில்மட் ஹோர்ட்டனின் பெயரை அது தாங்கி நிற்கிறது. 1988ஆம் ஆண்டில் அது தேசியப் பூங்காவாக்கப்பட்டது.

அங்கு செல்வோர் யாவரும் விடியுமுன்னரே புறப்படுகின்றனர். 'உலக முடிவு' என்னும் செங்குத்தான மலைவிளிம்பில் நின்று கீழே நோக்கும் காட்சியை, ஒன்பது பத்து மணிக்குள் மூடுபனி மறைத்துவிடும் என்பதே காரணம். அவசரம் நியாயமானதுதான். ஆயினும், உயிரியல் கற்கும் மாணவருக்கு அவ்விடம் அளிக்கும் பாடத்திற் பாதி, உலக முடிவைக் கண்டபின் ஆறுதலாகத் திரும்பி வரும்போதே கிடைக்கிறது.

மார்கழி, தை மாதங்களில் அதிகாலையிற் சென்றால் புல்நுனிகளில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்நேரத்தில் நடமாடுவன யாவை எனக் கவனித்தல் வேண்டும். மரைகள் கூட்டமாக மேய்கின்றன. அவற்றின் மூச்சு ஆவியாக எழுகிறது. மரங்களிலே நீண்டு தடித்த உரோமம் போர்த்த ஊதாமுகக் குரங்குகள் கத்துகின்றன. தாழ்நிலத்திலுள்ள அவற்றின் உறவினங்களுக்கு இத்துணை அடர்ந்த உரோமம் இல்லை. பறவைகளும் விழித்துவிட்டன. ஓணான் ஒன்றையேனும் காணமுடியாது.

காரணம் எளிது. முலையூட்டிகளும் பறவைகளும் தம் உடலுக்கு வேண்டிய வெப்பத்தை உணவை எரித்துத் தாமே உண்டாக்குகின்றன. வெளியே நீர் உறைந்தாலும் நம்முடல் 37 பாகை செல்சியஸ் அளவில் நிற்கிறது. பறவைகளின் உடல் அதனினும் சூடானது. ஆதலால் இருளிலும் குளிரிலும் அவற்றின் தசையும் மூளையும் தொழிற்படும். இந்த வசதிக்கு விலை உண்டு. மலைக்காட்டிலே சருகுகளுக்கிடையில் வாழும் மூஞ்சூறு இரவும் பகலும் இரை தேடியவண்ணமே இருக்கிறது. உடல் சிறிதாகச் சிறிதாக, எடையோடு ஒப்பிடுகையில் அதன் மேற்பரப்பு பெரிதாகி வெப்பம் விரைவில் வெளியேறுகிறது. உண்ணாதிருந்தால் அது சில மணி நேரத்திலேயே சோர்ந்து இறக்கும்.

எட்டு மணிக்குப் பின், வெயில் ஏறியதும், காட்சி மாறுகிறது. ஆங்கிலேயர் காலத்திலே கொண்டுவரப்பட்ட கோர்ஸ் என்னும் மஞ்சட்பூ முட்புதர்களின் மேல் கருங்கன்ன ஓணான்கள் ஒவ்வொன்றாக ஏறிவந்து, உடலைத் தட்டையாக்கிச் சூரியனுக்குப் பக்கம் காட்டி அமர்கின்றன. முதலில் அவை மந்தமாகவே நகரும். நன்கு காய்ந்தபின் கண்ணிமைக்கும் நேரத்தில் மறையும். 'குளிர்குருதிப் பிராணி' என்ற நம் பாடநூற் பெயர் இங்கே பொருந்தாமற் போகிறது. வெயில் காய்ந்த ஓணானின் குருதி குளிர்ந்ததன்று. வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதிலேயே வேறுபாடு உள்ளது. கடன் வாங்கிய வெப்பமாதலால் செலவும் குறைவு. ஒத்த எடையுள்ள முலையூட்டிக்கு வேண்டிய உணவிற் பத்திலொரு பங்களவே ஓர் ஓணானுக்குப் போதும்.

வளர்ந்த ஓணான் வெயிலை நாடிச் செல்லலாம். மண்ணிற் புதைந்த முட்டை எங்கே செல்லும்? பாசி படர்ந்த கிளைகளில் வாலைச் சுற்றிப்பிடித்து மெல்ல ஊரும் குறு ஓணான் ஒன்று இங்குண்டு. கொபோட்டிஸ் என்பது விஞ்ஞானிகள் அதற்கிட்ட பெயர். இலங்கையன்றி வேறெங்கும் இல்லாத இனம். அது முட்டையிடுவதில்லை, குட்டி ஈனுகிறது. ஓணான் குடும்பத்தில் இது மிக அரிது. குளிர்ந்த மண்ணுக்கு முட்டையை ஒப்படையாது, தாயே அதனை வயிற்றிற் சுமந்து வெயிலுக்கும் நிழலுக்கும் இடம் மாறுகிறாள் என அறிஞர் விளக்குவர். அதே காட்டில் மூக்கிற் கொம்புடைய ஓணான் மண்ணில் முட்டையிட்டே வாழ்கிறது என்பதையும் சொல்லவேண்டும். இயற்கை ஒரே வழியைப் பிடித்துக்கொண்டிருப்பதில்லை.

இவ்வினங்களின் நிலை இன்று கவலைக்குரியது. உலகம் வெப்பமாகுந்தோறும் குளிர்நாட்டு உயிர்கள் மேல்நோக்கி நகர்வது வழக்கம். இங்கே கிரிகல்பொத்தை உச்சிக்கு மேல், ஏறத்தாழ 2,390 மீற்றருக்கு அப்பால், ஏற இடமில்லை. மலைக்காட்டு மரங்கள் சில பத்தாண்டுகளாகப் பல இடங்களிற் பட்டுப்போகின்றன. பயணிகள் எறியும் எஞ்சிய உணவை நாடி வந்த காகங்களுக்கு ஓணான்களும் இரையாகின்றன. நுழைவாயிலிற் பொலித்தீனைச் சோதித்து எடுத்துவிடுகின்றனர். சோற்றுப் பருக்கையைப் பயணிகளே கவனிக்கவேண்டும்.

வீதியும் ஓர் ஆபத்தாயிற்று. தார் விரைவில் சூடேறுவதால் ஓணான்கள் அதன்மேல் வந்து படுக்கின்றன. சென்ற ஆண்டு மாணவருடன் திரும்புகையில், எங்கள் சாரதி ஒரு வளைவில் வாகனத்தைச் சட்டென நிறுத்தினார். முன்னே சாணளவு ஓணான் ஒன்று அசையாது கிடந்தது. செத்துவிட்டதென்றான் ஒரு மாணவன். "இல்லைத் தம்பி, இன்னும் காயேல்லை, கொஞ்சம் பொறுங்கோ," என்றார் சாரதி. ஐந்து நிமிடம் வரையில் நின்றிருப்போம். பின்னால் வந்த வாகனம் ஒலியெழுப்பிற்று. சாரதி திரும்பியும் பார்க்கவில்லை. ஓணான் தலையை இருமுறை உயர்த்தித் தாழ்த்தி, புதருக்குள் ஓடிற்று.