சிவகாமி பார்த்த வேலை

ஸ்மிதா பாட்டீல் இறந்தது 1986 டிசம்பர் 13இல். மகன் பிறந்து பதினைந்து நாட்கள், வயது 31. அடுத்த மாதம் நண்பர் ஒருவர் நடத்திய சிறு பத்திரிகையில் அவரைப் பற்றி ஓர் இரங்கல் குறிப்பு எழுதினேன். சென்ற மாதம் பரணில் கிடந்த பழைய கட்டுகளைப் பிரித்தபோது அந்த இதழ் அகப்பட்டது. படித்தேன். வெட்கமாக இருந்தது.

இரண்டு பக்கக் குறிப்பு. அதில் 'மண்' என்ற சொல் ஏழு இடங்களில் வருகிறது. 'ஒடுக்கப்பட்ட இந்தியப் பெண்ணின் முகம்', 'கற்சிலையின் கருமை', 'மௌனத்தின் தொன்மம்' - இப்படியே போகிறது. திரையில் அவர் என்ன செய்தார், கையை எங்கே வைத்தார், எப்போது திரும்பிப் பார்த்தார் என்று ஒரு வாக்கியம்கூட இல்லை. நடிகை ஒருத்தியின் மரணத்தைப் பற்றி நடிப்பைக் குறிப்பிடாமலே எழுத முடிந்திருக்கிறது. அப்போது அதை யாரும் கவனிக்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று மூன்று கடிதங்கள் வந்தன.

'மண்' என்று நான் எழுதியவர் புனேயில் அரசியல் குடும்பத்தில் 1955இல் பிறந்தவர். தந்தை மகாராஷ்டிரத்தில் அமைச்சராக இருந்தவர். கல்லூரிப் பருவத்தில், 1972இல் தொடங்கிய பம்பாய்த் தொலைக்காட்சி நிலையத்தில் மராத்தி செய்தி வாசித்தார். ஜீன்ஸைக் கழற்றாமல் அதன் மேலேயே கைத்தறிச் சேலையைச் சுற்றிக்கொண்டு காமிரா முன் உட்கார்ந்துவிடுவார் என்று சொல்வார்கள். மேசைக்கு மேலே தெரிவது மட்டும்தானே காமிராவுக்கு. இந்தத் தகவலை முன்பு ஒரு வேடிக்கையாக மட்டுமே எடுத்துக்கொண்டேன். இப்போது அவருடைய தொழிலின் முதல் பாடமே அங்கேதான் கிடைத்திருக்கும் என்று தோன்றுகிறது. செய்தி வாசிப்பவரின் முகத்தில் செய்தியின் சுமை ஏறக்கூடாது. ஏறவே இல்லை என்றும் பார்க்கிறவனுக்குத் தோன்றக்கூடாது. வெள்ளத்தில் இறந்தவர்களின் எண்ணிக்கையையும் மந்திரியின் சுற்றுப்பயணத்தையும் ஒரே குரலில் சொல்லியாக வேண்டும். தன்னைக் காட்டாமல் முகத்தைக் காட்டுகிற பயிற்சி அது. நாடக மேடையிலிருந்து வந்தவர்களுக்கு இது எளிதில் வசப்படுவதில்லை.

ஷ்யாம் பெனகல் அவரைத் திரைக்குக் கொண்டுவந்தார். 1975இல் 'சரண்தாஸ் சோர்', 'நிஷாந்த்', 1976இல் 'மந்தன்'. குஜராத்தின் ஐந்து லட்சம் பால் உற்பத்தியாளர்கள் தலைக்கு இரண்டு ரூபாய் போட்டு எடுத்த படம். மதுரையில் ஒரு காலைக் காட்சியில் அதைப் பார்த்தேன். அரங்கில் இருபது பேர் இருந்தால் அதிகம். கிரீஷ் கர்னாட் நடித்த டாக்டர் ராவை, பிந்து என்ற அந்தக் கிராமத்துப் பெண் சற்று விலகி நின்று அளக்கிறாள். நம்பலாமா, கூடாதா, இவனால் எனக்கு என்ன லாபம், என்ன கெடுதல் - இத்தனையும் அந்தப் பார்வையில் இருக்கிறது. சந்தையில் மாடு பிடிக்கிறவர்கள் இப்படித்தான் பார்ப்பார்கள். இதை நான் அன்று 'வெகுளித்தனம்' என்று எழுதினேன்.

'பூமிகா' 1977இல் வந்தது. மராத்தி நடிகை ஹம்சா வாட்கரின் தன்வரலாற்றை ஒட்டிய படம். பதின்பருவத்திலிருந்து நடுவயது வரை ஒரு நடிகையின் வாழ்க்கையை நடிக்கும்போது ஸ்மிதாவுக்கு வயது இருபத்தொன்றோ இரண்டோ. உஷா என்ற அந்த நடிகை கணவனிடமிருந்து தப்பி இன்னொருவனிடம் போகிறாள், அவனிடமிருந்து இன்னொருவன். கடைசியில் அம்ரீஷ் பூரி நடித்த காலேயின் பெரிய வீட்டில், வாசலைத் தாண்ட அனுமதியில்லாமல் அடைபடுகிறாள். படத்துக்குள்ளே படப்பிடிப்புகள் வருகின்றன. ஒவ்வொரு காலத்துச் சினிமாவின் நடிப்புமுறையையும் ஸ்மிதா தனித்தனியாக நடித்துக் காட்டுகிறார். ஆட்டம், மிகை, கண்ணை உருட்டுதல், எல்லாம். காட்சி முடிந்து விளக்கு அணைந்ததும் அந்த முகம் காலியாகிவிடுகிறது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் பெண்ணின் அலுப்பு அது. அடுத்த வேளைச் சமையலைப் பற்றி நினைக்கிற முகம். தேசிய விருது கொடுத்தார்கள். நியாயம்தான். ஆனால் விருதுக்குக் காரணமாக எல்லோரும் சொன்னது உஷாவின் துயரத்தை. அந்த அலுப்பை யாரும் சொல்லவில்லை. சொல்லாதவர்களில் நானும் ஒருவன். போதாததற்கு, என் குறிப்பில் உஷாவின் கதையையும் ஸ்மிதாவின் மரணத்தையும் முடிச்சுப் போட்டு, வாழ்க்கை கலையைத் தொடர்ந்தது என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன். அவருடைய மணவாழ்வைப் பற்றி வாரப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த வம்புக்கும் இந்த வரிக்கும் என்ன வித்தியாசம்? என்னுடையது கொஞ்சம் சமஸ்கிருதம் கலந்தது, அவ்வளவுதான்.

மிருணாள் சென் 1980இல் எடுத்த 'அகாலேர் சந்தானே'யில் ஸ்மிதா ஒரு நடிகையாகவே வருகிறார். பாத்திரத்தின் பெயரும் ஸ்மிதா. 1943 வங்கப் பஞ்சத்தைப் படமெடுக்க நகரத்திலிருந்து ஒரு குழு கிராமத்துக்குப் போகிறது. பட்டினிப் புகைப்படங்களைக் காட்டி இது எந்த ஆண்டுப் பஞ்சம் என்று ஊகிக்கிற விளையாட்டு ஒன்று அதில் உண்டு. பட்டினியை நடிக்க வந்தவர்களும் பட்டினியைப் பார்த்தவர்களும் ஒரே சட்டத்துக்குள் நிற்கும்போது வருகிற கூச்சத்தை அந்தப் படம் மறைக்கவில்லை. வசதியான வீட்டுப் பெண் ஏழையாக நடிக்கிறாள் என்று சிலர் ஸ்மிதாவைக் குறை சொன்னார்கள். அந்தக் கேள்வியை அவர் தன் பெயரிலேயே திரையில் நின்று சந்தித்திருக்கிறார். குறை சொன்னவர்கள் இந்தப் படத்தைப் பார்த்திருந்தார்களா என்பது வேறு விஷயம்.

'சக்ரா'வில் (1981) பம்பாய்ச் சேரிப் பெண். இரண்டாவது தேசிய விருது. திறந்த வெளியில் குளிக்கிற ஒரு காட்சி. சேரியில் வேறெங்கே குளிப்பது? விநியோகஸ்தர்கள் அதையே சுவரொட்டியில் பெரிதாகப் போட்டு விற்றார்கள். மறு ஆண்டு 'நமக் ஹலால்' என்ற வணிகப் படத்தில் அமிதாப் பச்சனுடன் மழையில் ஆடினார். ஆடிவிட்டு வந்து அழுதார் என்பார்கள். இதை வைத்துக் கலைப்படம், வணிகப்படம் என்று நம் வட்டத்தில் ஓர் இரவு முழுக்கச் சண்டை நடந்தது. யார் ஜெயித்தார்கள் என்று ஞாபகமில்லை. டீக்கடைக்காரர் விளக்கை அணைத்தது ஞாபகமிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் 80க்கும் மேற்பட்ட படங்கள். அத்தனையும் நல்ல படங்களாக இருக்க வழியில்லை.

தொலைக்காட்சிக்கு அவர் திரும்பி வந்ததும் உண்டு. பிரேம்சந்தின் கதையை சத்யஜித் ராய் 1981இல் தூர்தர்ஷனுக்காக எடுத்தார்: 'சத்கதி'. ஒரு மணிக்கும் குறைவான படம். மகளின் நிச்சயத்துக்கு நாள் குறிக்கப் பிராமணரைத் தேடிப் போகிற துகி, அவர் வீட்டில் கூலியில்லாமல் விறகு பிளந்தே சாகிறான். ஓம் பூரி. அவன் மனைவி ஜூரியாவாக ஸ்மிதாவுக்குக் காட்சிகள் குறைவு. காய்ச்சலில் எழுந்தவனை அனுப்பிவைக்கும்போது வருகிற கவலையும், பிறகு மழையில் உடலருகே வருகிற அழுகையும் நினைவில் நிற்பவை. அந்த அழுகையில் அழகு இல்லை. தொண்டை கிழிகிறது. செய்தி வாசித்த அதே ஊடகத்தில், செய்தியில் ஒருபோதும் இடம்பெறாத ஒரு சாவுக்கு.

'சிதம்பரம்' பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும். அரவிந்தனின் படம், 1985. அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்றது. சி.வி. ஸ்ரீராமனின் கதை, ஷாஜியின் காமிரா. மூணாறு பக்கம் மாட்டுப்பட்டியின் கால்நடைப் பண்ணை. அங்கே வேலை பார்க்கும் முனியாண்டி தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து சிவகாமியைக் கட்டிக்கொண்டு வருகிறான். பண்ணை அதிகாரி சங்கரன் கையில் ஒரு புகைப்படக் கருவி. பூக்களுக்கு நடுவே நிற்கிற அவளைப் படம் எடுக்கிறான். பிறகு நடப்பது நடக்கிறது. முனியாண்டி மாட்டுக் கொட்டகையில் தூக்கில் தொங்குகிறான். சங்கரன் ஓடுகிறான், குடிக்கிறான், அலைகிறான், கடைசியில் சிதம்பரத்துக்கு வருகிறான். கோயில் வாசலில் செருப்புக்குக் காவலாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நிமிர்கிறாள். முகத்தில் வடு. சிவகாமி.

இதை 1986இல் மதுரையில் ஃபிலிம் சொசைட்டியில் பார்த்துவிட்டு, ஒரு பாவியின் மீட்பு என்று நான்கு பக்கம் எழுதினேன். ஆனந்தத் தாண்டவம், ரகசியம், வெளி என்று ஒன்றையும் விடவில்லை. சங்கரனாக நடித்த கோபியைப் பற்றி ஒன்றரைப் பக்கம்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு ஞாயிறு பிற்பகல் தொலைக்காட்சியில் அந்தப் படம் வந்தது. அக்கா அப்போது எங்களோடு இருந்தாள். அவளை 1968இல் போடியிலிருந்து மூணாறு எஸ்டேட்டுக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். அத்தான் தேயிலை ஃபாக்டரியில் இருந்தார். அவர் போன பிறகும் அக்கா உடனே இறங்கி வந்துவிடவில்லை. அங்கேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாகப் பதினொரு வருஷம் இருந்துவிட்டுத்தான் வந்தாள்.

அரிசி பொறுக்கிக்கொண்டே பார்த்தாள். சிவகாமி மலைக்கு வந்து சேர்ந்ததும் கை நின்றுவிட்டது.

"பாருடா, ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குறா. எங்க நின்னா யாரு பேசுவாங்களோன்னு பயம். எனக்கும் ஒரு மாசம் அப்படித்தான் இருந்துச்சு."

நான் படத்தை இருமுறை பார்த்தவன். அப்போதுதான் கவனித்தேன். மற்றவர்கள் அந்தப் பச்சைக்குள் சாதாரணமாக நடக்கிறார்கள். சிவகாமி அப்படி நடப்பதில்லை. தோளைச் சுருக்கிக்கொண்டு, சேலைத் தலைப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பார்க்கிறதா வேண்டாமா என்று பார்க்கிறாள். பூவின் அருகே போகும்போது மட்டும் பிடி தளர்கிறது. பம்பாயிலிருந்து வந்த நடிகைக்கு இதை யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? மாட்டுப்பட்டியில் அவர் யாரையாவது பார்த்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

கடைசிக் காட்சி வந்தது. சிவகாமி நிமிர்ந்தாள். காமிரா கோபுரத்தின் மேல் ஏறத் தொடங்கியது. நான் அக்காவுக்கு விளக்கம் சொன்னேன். பாவம், தேடல், அருள் என்று என் நான்கு பக்கத்தையும் பேச்சுத் தமிழில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அவன் சாமி கும்பிட வந்தான், சரி. அவ எதுக்கு வந்தா?"

"அவளும் பாவம்..."

"அவ வேலை பாத்துக்கிட்டு இருக்காடா."

எனக்குப் பதில் வரவில்லை. அதற்குச் சில வருஷங்களுக்கு முன் நான் அக்காவை வைத்து ஒரு சிறுகதை எழுதியிருந்தேன். பனியும் ஜன்னலும் வெள்ளைச் சேலையுமாக, ஒரு பெண் கண்ணாடியில் வழியும் நீரைப் பார்த்துக்கொண்டிருப்பதாக. படித்துவிட்டு அக்கா அன்று எதுவும் சொல்லவில்லை. காலை ஏழு மணிக்கு முப்பது குழந்தைகளைக் கணக்குப் பார்த்து வாங்கி, பால் காய்ச்சி, மாலையில் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தவளுக்கு ஜன்னலருகே நிற்க எப்போது நேரம் இருந்திருக்கும் என்று எனக்கு அன்று தோன்றவில்லை. கதை ஒரு தொகுப்பில்கூட வந்தது.

அந்தக் கடைசி முகத்தைப் பிறகு பலமுறை பார்த்துவிட்டேன். மன்னிப்பு, குற்றச்சாட்டு என்று நாங்கள் எழுதியதெல்லாம் அதில் இல்லை. வேலைக்கு நடுவே ஒருத்தி தலை நிமிர்ந்து பார்க்கிறாள். எதிரே நிற்பது சங்கரன். அவ்வளவுதான் ஸ்மிதா செய்திருப்பது. வடு ஒப்பனைக்காரர் போட்டது. நிமிர்கிற அந்த அளவு அவருடையது.

படம் முடிந்து அடுத்த நிகழ்ச்சி தொடங்கிவிட்டது. அக்கா முறத்தைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். சமையலறை வாசலில் நின்று திரும்பினாள்.

"செருப்புக்குக் காசு வாங்குனாளா அவ?"

கவனிக்கவில்லை என்றேன்.