லீக்ஸ் பாத்தியில் கிடைத்த பொத்தான்

சென்ற டிசம்பர் விடுமுறையில் வாப்பா வீட்டுக்குப் பின்னால் லீக்ஸ் நடுவதற்குப் பாத்தி வெட்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டியில் ஏதோ 'ணங்' என்று பட்டது. கல்லென்று நினைத்து வீசப் போனவர், பீலித் தண்ணீரில் கழுவிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். பச்சை பிடித்த ஒரு வட்டப் பொத்தான். பின்னால் நூல் கோக்க ஒரு சிறிய வளையம்.

"வரலாறு படிக்கிற ஆள் நீங்கதானே மகள், என்னண்டு பாருங்க" என்று என் கையில் வைத்தார்.

நான் பார்ப்பதற்கு முன்பே உம்மம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இது எங்கட பாட்டனார்ட வாப்பாட. அவர் பட்டாளத்துல இருந்தவர்."

இந்தக் கதையைக் கேட்டுத்தான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம். உம்மம்மாவின் பக்கம் மலாய் வழி. ஒல்லாந்தர் காலத்தில் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து சிப்பாய்களாகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் இங்கே வந்தவர்களின் பிள்ளைகள். பிறகு வந்த ஆங்கிலேயர் அவர்களைத் தங்கள் படையில் சேர்த்துக்கொண்டார்கள். 1827 முதல் அந்தப் படைக்குப் பெயர் 'சிலோன் ரைபிள் ரெஜிமென்ட்'. கரும்பச்சை உடுப்பு. 1873இல் அது கலைக்கப்பட்டபோது சிலர் பொலிஸில் சேர்ந்தார்கள், சிலர் தோட்டங்களில் வேலை தேடி மலையேறினார்கள். எங்கள் குடும்பம் ஹட்டன் பக்கம் வந்தது அப்படித்தான் என்பது உம்மம்மாவின் கணக்கு. கடிதமோ படமோ எதுவும் மிஞ்சவில்லை. கதை மட்டும்தான். இப்போது கதைக்கு ஒரு பொத்தான் கிடைத்துவிட்டது.

நானா உடனே ஸ்கேனர் மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தோட்டம் முழுவதும் தேடலாம் என்று குதித்தார். புதையல் தோண்டியவர்கள் கைது என்று செய்தியில் வருவதை அவர் பார்ப்பதில்லை போலும். தொல்பொருள் தேடித் தோண்டுவதற்குத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். 1940ஆம் ஆண்டிலிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது. வாப்பா ஒரே பார்வையில் அவரை உட்கார வைத்தார்.

நான் செய்த முட்டாள்தனத்தைத் தடுக்கத்தான் யாரும் இருக்கவில்லை. அஸர் தொழுதுவிட்டு உம்மம்மா வருவதற்குள் பொத்தானைப் பளபளவென்று ஆக்கிக் காட்ட நினைத்தேன். பெருநாளுக்குப் பெருநாள் அவருடைய பித்தளைப் படிக்கத்தை நான்தான் துலக்குவேன். அதே முறைதான்: பழப்புளி, அடுப்புச் சாம்பல், தேங்காய்த் தும்பு. பின்பக்கத்தில் தொடங்கி இருபது நிமிடம் தேய்த்தேன். பச்சை போனது. மஞ்சள் வரும் என்று பார்த்தால், திட்டுத் திட்டாக ஓர் இளஞ்சிவப்பு வந்தது. வளையத்தைச் சுற்றி ஆங்கிலத்தில் ஏதோ எழுத்துகள் இருந்தன. தேய்க்கும்போதே அவை மங்கிக்கொண்டு போனதைக் கண்டு கையை எடுத்தேன். அதற்குள் பாதி போய்விட்டது. 'பர்மிங்' என்பது மட்டும் மிச்சம்.

விஞ்ஞானப் பிரிவுத் தோழி பிறகு விளக்கினாள். பித்தளை என்பது செம்பும் நாகமும் கலந்தது. புளியின் அமிலம் நாகத்தை முதலில் கரைத்துவிட, செம்பு வெளியே தெரிகிறது. அந்தப் பச்சையும் எல்லா நேரமும் அழுக்கு அல்ல. மண்ணுக்குள் கிடந்த காலத்தில் உலோகம் தன்மீது போர்த்திக்கொண்ட தோல் அது. நல்ல தண்ணீரில் ஊறவைத்து, இளகிய மண்ணை ஈர்க்குக் குச்சியாலும் மெல்லிய பிரஷாலும் தட்டிவிட்டு, ஈரம் போகத் துடைத்து, அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். முன்பக்கத்துக்கு அப்படியே செய்தேன். மூன்று நாள் எடுத்தது.

மண் போகப் போக ஒரு கேடயம் தெரிந்தது. ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் ஒற்றைக்கொம்புக் குதிரை, மேலே முடி. பிரித்தானிய அரச சின்னம். போனில் படமெடுத்துப் பெரிதாக்கி எங்கள் வரலாற்று ஆசிரியையிடம் காட்டினேன். "முடியின் வளைவைப் பாருங்கள்" என்றார். அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ரைபிள் படைகளின் சின்னம் ஊதுகொம்பு. இதில் ஊதுகொம்பு இல்லை. அரச சின்னம் போட்ட இந்தப் பொதுப் பொத்தான் சாதாரணச் சிப்பாய்களுக்கு வந்தது 1871இல். அதற்கு முன் அநேகமான படைகளுக்குத் தனித்தனி இலக்கப் பொத்தான்கள். சரி, 1871க்கும் 1873க்கும் இடையில் இரண்டு வருடம் இருக்கிறதே என்று மனம் வாதாடியது. முடி அதையும் விடவில்லை. விக்டோரியா மகாராணி காலத்து முடியின் உச்சி நடுவில் சற்றுப் பள்ளமாக இருக்கும். எங்கள் பொத்தானில் இருப்பது அரைவட்டமாக எழும்பிய முடி. அது 1901இல் மகாராணி இறந்த பிறகு அரசர்கள் காலத்தில் வந்தது. உம்மம்மாவின் படை கலைந்து முப்பது வருடத்துக்குப் பிந்திய பொத்தான்.

அப்படியானால் துரைமாருடையதா? தோட்டத் துரைமார் சேர்ந்த 'சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர்' என்ற தொண்டர் படை 1900இல் உருவானது. 1914இல் அதிலிருந்து ஒரு பிரிவு எகிப்துக்குப் போய், பிறகு கலிப்பொலிப் போரிலும் நின்றது. ஆனால் இந்தப் பொதுப் பொத்தானை வைத்து ஒரு படையின் பெயரைச் சொல்ல முடியாது. இலட்சக்கணக்கான உடுப்புகளில் இதேதான் இருந்தது.

சில நாட்கள் உம்மம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அதற்குள் பக்கத்து வீட்டுக்கும் மாமி வீட்டுக்கும் சொல்லி முடித்திருந்தார். பொய் சொல்லிவிட்டால் என்ன, யாருக்கு நட்டம் என்றுகூட யோசித்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, அவர் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். புளி போட்டதையும் சேர்த்து.

இடிப்பதை நிறுத்தினார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப இது ஆர்ட?"

"தெரியாது உம்மம்மா. சண்டைக் காலத்துக் கோட்டுல உள்ளதா இருக்கலாம். இரண்டரை சென்ரிமீற்றர் இருக்கு. பெரிய பொத்தான் குளிர்க் கோட்டுக்குத்தான் போடுவாங்களாம்."

"கோட்டா?" என்றவர் பொத்தானை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "எங்கட வாப்பாட்ட ஒரு கோட் இருந்திச்சு. காக்கி. முழங்காலுக்குக் கீழ வரும். சண்டை முடிஞ்ச பொறகு டவுன்ல பழைய கோட் வித்தாங்க, அதுல வாங்கினது. பனிக்கு அதைப் போட்டுக்கிட்டுத்தான் விடிய மரக்கறிக்குத் தண்ணி ஊத்துவார். நான் சின்னப் புள்ள, மழை வந்தா அதுக்குள்ள பூந்துக்குவன்."

"அதுல பொத்தான் இப்படியா இருந்திச்சு?"

"மஞ்சள் பொத்தான். ஒண்டு மட்டும் கறுப்பு. விழுந்துட்டுண்டு உம்மா வேற வச்சுத் தைச்சா."

அந்த ஒன்று எங்கே விழுந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இது அந்தக் கோட்டின் பொத்தான்தான் என்று ஆசிரியையிடம் நான் எழுதிக் கொடுக்க முடியாது. அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் பட்டாளத்துப் பாட்டனாரைப் பற்றி ஒரு நூறு தடவை கேட்டிருக்கிறேன். லீக்ஸ் பாத்தியில் கோட்டோடு நின்ற மனிதரைப் பற்றி அன்றுதான் முதல் தடவை கேட்டேன். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை உம்மம்மா நிறுத்தவில்லை. கோட்டின் உள்பையில் எப்போதும் கற்கண்டு இருக்குமாம்.

பொத்தான் இப்போது அவருடைய ஊசி நூல் டின்னில், காகிதத்தில் சுற்றி இருக்கிறது. புளி பட்ட பக்கம் கீழே இருக்கும்படி வைக்கச் சொன்னார்.