வெள்ளைப் பாலையில் குளிர்காலம்

கட்ச் பயணத்துக்கு ஏற்ற பருவம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. மழைக்காலத்தில் நீர் தேங்கும் ரண், வற்றியதும் உப்பு வெளியாகிவிடுகிறது. தோர்டோவை ஒட்டிய வெண்பரப்பைப் பௌர்ணமி இரவில் பார்க்க வேண்டும். நுழைய அனுமதிச் சீட்டு அவசியம். அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

பகலில் உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கூசவைக்கும். இரவில் குளிர் நடுக்கும். பருத்தி உடைகளோடு ஸ்வெட்டர், மஃப்ளர், கறுப்புக் கண்ணாடி, உதட்டு வெடிப்புக்கு வாசலின் போதும்.

பெட்டியில் கொஞ்சம் இடமும் விடுங்கள். 2001 பூகம்பத்துக்குப் பின் தமட்கா கிராமத்து நீரில் இரும்பு கூடி, சாயம் சரியாகப் பிடிக்கவில்லை. இடம்பெயர்ந்த அஜ்ரக் அச்சுக் கலைஞர்கள் புஜ் அருகே உருவாக்கிய ஊர்தான் அஜ்ரக்பூர். அங்கே பட்டறையிலேயே துணி வாங்கினால், பணம் அச்சுக்கட்டை பிடித்த கைக்கே போய்ச் சேரும்.