கழிக்காமல் விட்ட கணக்கு

தர்மபுரி மாவட்டத்துச் சிறு விவசாயிகளின் வருமானம் இவ்வளவு கூடியது என்று நான் எழுதிக் கொடுத்த அறிக்கையில் இருந்த தொகை பொய். அப்படி எழுதச் சொல்லி யாரும் என்னை நெருக்கவில்லை. ஒரு தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளனாக வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தவனும், அதைக் கூட்டிப் போட்டவனும் நான்தான்.

திட்டம் நல்ல திட்டம். இப்போதும் அப்படித்தான் சொல்வேன். இரண்டரை ஏக்கருக்குள் நிலம் உள்ளவர்களுக்கு வங்கிக் கடனில் ஒரு கலப்பினக் கறவை மாடு, 10 சென்டில் கோ-4 தீவனப்புல், மானியத்தில் சொட்டுநீர் போட்டுக் கொஞ்சம் தக்காளி. மானாவாரியில் கேழ்வரகும் கொள்ளும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருந்த வீடுகளில் மாதம் தவறாமல் காசு புழங்க வேண்டும் என்பதே நோக்கம். போர்வெல்லில் தண்ணீர் நின்ற வீடுகளில் அது நடக்கவும் செய்தது.

ஆனால் வருமானம் என்ற கட்டத்தில், சங்கத்தில் ஊற்றிய பாலுக்கு வந்த பணத்தை அப்படியே எழுதினேன். செலவைக் கழிக்கவில்லை. தெரியாமல் செய்ததல்ல. ஒரு அக்கா தன் பால் அட்டையை என்னிடம் நீட்டினார். முன்பக்கத்தில் காலை, மாலை, லிட்டர், ஃபேட், ரூபாய். பின்பக்கத்தில் அவர் மகள் பென்சிலால் எழுதி வைத்திருந்த இன்னொரு கணக்கு: தீவன மூட்டை, தவிடு, புண்ணாக்கு, சினை ஊசி, மடிநோய்க்கு வாங்கிய மருந்து.

"இதையும் எழுதிக்குங்க சார். பால் காசு பாதிக்கு மேல தீவனக் கடைக்கே போயிடுது."

"அதுக்குத் தனியா கட்டம் இல்லக்கா" என்றேன்.

கட்டம் இருந்தது. பல வீடுகளுக்கு அதை நான் நிரப்பாமலே விட்டிருந்தேன்.

10 லிட்டர் கறக்கும் மாட்டுக்குத் தினம் ஐந்தாறு கிலோ அடர்தீவனம் வேண்டும். ஆவின் 2014 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 28 ரூபாயாக உயர்த்தியது உண்மை. ஆனால் கொழுப்பும் மற்றச் சத்தும் பார்த்துத்தான் காசு. கொழுப்புக் குறைந்த எச்.எஃப். கலப்பினப் பாலுக்கு அதற்கும் கீழேதான் கிடைக்கும். கன்று ஈனுவதற்கு முந்தைய இரண்டு மாதம் பால் வற்றிவிடும், தீனி மட்டும் குறையாது. நானோ ஈன்ற புதிதில் மாடு கறந்த அளவை எடுத்துப் பன்னிரண்டு மாதத்தால் பெருக்கினேன். தக்காளிக்குப் பாலக்கோடு சந்தையில் விலை ஏறியிருந்த வாரத்து ரேட்டைப் போட்டேன். விலை விழுந்து பறிகூலிக்கும் கட்டாமல் செடியிலேயே விட்ட வாரங்களை எழுதவில்லை.

இரண்டாம் கட்டத்துக்கு நிதி வர வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. கூட்டங்களில் என் ஊர்களை முன்மாதிரி என்று சொன்னபோது எனக்கு அது பிடித்திருந்தது. மீதி அதுதான்.

அறிக்கை அலமாரியில் தூங்கியிருந்தால் இவ்வளவு தூரம் என்னை அரிக்காது. அந்தத் தொகையைத் துண்டறிக்கையாக அடித்துப் பக்கத்து ஊரில் கொடுத்தோம். அதைப் பார்த்துக் கடன் வாங்கினார்கள். அங்கே போர்களில் தண்ணீர் குறைவு என்பதும் எனக்குத் தெரியும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. தீவனப்புல் காய்ந்தது, வைக்கோல் விலை ஏறியது. கடன் பாக்கியில் பாதிக்கும் தேறாத விலைக்கு மாட்டை வியாபாரியிடம் பிடித்துக் கொடுத்தார்கள். தவணை நிற்கவில்லை.

பழைய படிவங்களின் நகல் என்னிடம் இருக்கிறது. செலவைக் கழித்து மறுபடி கணக்குப் போட்டேன். தண்ணீரும் சொந்தப் புல்லும் இருந்த வீடுகளில் சிறு லாபம் நிற்கிறது. மற்ற வீடுகளில், விடியுமுன் எழுந்து சாணி அள்ளிப் பால் கறந்த பெண்களுக்குக் கூலிகூட மிஞ்சவில்லை. இதை அந்த நிறுவனத்துக்கு எழுதி அனுப்பிவிட்டேன். துண்டறிக்கையை நம்பிக் கடன் வாங்கியவர்களிடம் இன்னும் போய்ச் சொல்லவில்லை. முதலில் அவர்களிடம்தான் போயிருக்க வேண்டும்.