ஆறு நிமிடங்களுக்கான உடல்

1910 செப்டம்பர் 10 அன்று லண்டனில் காமா பயில்வானும் போலந்தின் ஸ்பிஷ்கோவும் மோதிய ஆட்டம் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் நீண்டு முடிவின்றி நின்றது. ஸ்பிஷ்கோ பெரும்பாலான நேரம் விரிப்பில் கவிழ்ந்து கிடந்தே தம்மைக் காத்துக்கொண்டார். மறுபோட்டிக்குக் குறித்த நாளில் அவர் வரவில்லை. பட்டம் காமாவுக்குப் போனது. இன்றைய பன்னாட்டு விதிப்படி ஓர் ஆட்டம் மும்மூன்று நிமிடங்கள் கொண்ட இரு பகுதிகள், இடையே முப்பது விநாடி ஓய்வு, அவ்வளவே. மல்லரின் வலிமைப் பயிற்சி பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் ‘மரபா, அறிவியலா’ என்றே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. எவ்வளவு நேரப் போருக்கான உடல் என்ற கேள்வி எழுவதில்லை.

வட இந்தியாவின் அகாடாக்களிலும் கோலாப்பூரின் தாலீம்களிலும் பொழுது விடியுமுன் தொடங்கும் பயிற்சியின் உறுப்புகள் தமிழருக்கும் அந்நியமானவை அல்ல: தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, கயிறேற்றம். மல்லரின் தண்டால் வெறுமனே கையூன்றி எழுவதன்று. இடுப்பை உயர்த்தி, மார்பைத் தரையோரமாக முன்செலுத்தி, இடுப்பைத் தாழ்த்தி எழும் அந்த வளைவில், காலைப் பற்ற வருபவனின் மேல் தன் எடையைச் சாய்த்து அழுத்தும் தற்காப்பின் சாயல் இருக்கிறது. கர்லாக்கட்டை தோளையும் மணிக்கட்டையும் பிடியையும் ஒருங்கே வளர்க்கிறது. இவற்றைவிடக் கவனிக்க வேண்டியது மண்வெட்டி வேலை. எண்ணெயும் மோரும் மஞ்சளும் கலந்து இறுகிய களத்து மண்ணை வெட்டிப் புரட்டுவது வழிபாட்டுக்கு நிகரான பணியாகக் கருதப்படுகிறது. உடலியல் நோக்கில் அது இடுப்பிலிருந்து குனிந்து சுமையை இழுத்தெழும் பயிற்சி. பனாரஸ் அகாடாக்களை ஆராய்ந்த மானிடவியலர் ஜோசப் ஆல்டரின் நூல் (1992) இந்த ஒழுக்கத்தின் அறவியலை விரிவாகப் பேசுகிறது. அதன் இயக்கவியலுக்கு அப்படியோர் ஆய்வாளர் வாய்த்தால் நன்று.

எனினும் போற்றுதலுக்கும் எல்லையுண்டு. ஆயிரம் பஸ்கி போடும் தொடை சோர்வைத் தாங்கப் பழகுகிறது. ஆனால் சுமை கூடாமல் எண்ணிக்கை மட்டும் கூடும்போது உச்ச வலிமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. மணிக்கணக்கில் நீளும் போருக்கு அந்தத் தாங்குதிறன் போதுமானதாக இருந்திருக்கலாம். ஆறு நிமிட ஆட்டத்திலோ புள்ளிகள் சில விநாடி வெடிப்புகளில் விழுகின்றன. எதிராளியைத் தூக்கி எறியும் அந்தக் கணத்துக்கு, மிகு எடையைச் சில முறை மட்டும் தூக்கி, நீண்ட ஓய்வெடுத்து, மீண்டும் தூக்கும் பயிற்சி தேவை. போட்டி நெருங்க நெருங்கப் பயிற்சியின் அளவைக் குறைத்து வேகத்தைக் காப்பதும் அதன் பகுதியே. புதிய உடற்பயிற்சிக் கூடங்கள் பல இங்கேதான் தவறுகின்றன. கட்டழகுப் போட்டியாளரின் அட்டவணையை மல்லரின் கையில் கொடுத்துவிடுகின்றன. தசை பெருக்கிறது, கூடவே எடையும் ஏறுகிறது. வேண்டியது கிலோவுக்கு இத்தனை என்று கணக்கிடத்தக்க வலிமை, பருமன் தேவையில்லை.

பாலும் நெய்யும் பாதாமும் உண்டு பேருருவாய் வளர்வதே மண்களத்தின் இலட்சியம். அங்கே இணைகளைப் பொருத்துவது பெரும்பாலும் பெரியவர்களின் கண். ஒலிம்பிக்கில் தராசு பொருத்துகிறது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கத்தை 1952இல் ஹெல்சிங்கியில் வென்ற கே.டி. ஜாதவ், பேருருவங்களைக் கொண்டாடிய அதே மராட்டிய மண்ணிலிருந்து வந்த சிற்றுருவத்தவர்.

தராசு வந்ததும் வலிமைப் பயிற்சியின் எதிரி வீட்டுக்குள்ளேயே தோன்றிவிடுகிறது. தசையில் சேமிக்கப்படும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்துவைக்கிறது. பட்டினியாலும் வியர்வையாலும் எடை குறைப்பவர் இழப்பது மாதக்கணக்கில் வளர்த்த வலிமையின் எரிபொருளைத்தான். 1997இன் இறுதியில் அமெரிக்கக் கல்லூரி மல்லர் மூவர் சில வார இடைவெளிகளில் இவ்வாறு எடை குறைக்கும்போது இறந்தனர். அதன்பிறகே அங்கு விதிகள் இறுகின. 2018 முதல் உலக மல்யுத்தத்தில் எடை பார்ப்பது போட்டி நாள் காலையில்; இரண்டாம் நாளும் ஆடுவோர் மறுநாள் காலை மீண்டும் தராசில் ஏற வேண்டும்.

2024 ஆகஸ்ட் 6 அன்று பாரிஸில் வினேஷ் போகாட், பன்னாட்டுப் போட்டிகளில் அதுவரை தோல்வியே காணாத யுய் சுசாகியை வென்றார். மேலும் இருவரையும் வென்று இறுதிக்கு வந்தார். முன்பு 53 கிலோவில் ஆடியவர், அன்று 50 கிலோவில். மூன்று ஆட்டங்களுக்கு நீரும் உணவும் இன்றியமையாதவை. இரவு முழுவதும் ஓடியும் நீராவி அறையில் அமர்ந்தும் முடியை வெட்டியும் மறுநாள் காலை 100 கிராம் மிஞ்சியது.

அடுத்த இரு நாள்களில் அதே பாரிஸில் அமன் செஹ்ராவத், அரையிறுதிக்குப்பின் ஏறத்தாழ பத்து மணி நேரத்தில் 4.6 கிலோ குறைத்து 57 கிலோவுக்குள் வந்து வெண்கலம் வென்றார். அந்த இரவின் கணக்கை நாளிதழ்கள் மணிவாரியாக, வியப்புக் குறிகளுடன் வெளியிட்டன.